சூப்பர் யாட் எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரியது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர் யாட் எனப்படும் பெரிய உல்லாசப் படகைப் பற்றிச் செய்தியில் படித்தவுடன் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. அது இப்போது எங்கே நிற்கிறது? உண்மையில் அது எவ்வளவு பெரியது? கட்டணம் எதுவும் செலுத்தாமலே இரண்டுக்கும் பெரும்பாலும் விடை கண்டுவிடலாம். ஒரு கைப்பேசியும் அரை மணி நேரமும் போதும். கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பிரித்தறிவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. கப்பல்களின் இருப்பிடம் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தால், படகின் கருவி தானாக அனுப்பிய தகவலும், படகிலுள்ள அதிகாரி ஒருவர் கையால் தட்டிய தகவலும், தளமே கணித்தோ வேறெங்கிருந்தோ எடுத்தோ நிரப்பிய தகவலும் ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து நிற்கும். எந்த வரி யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இந்த வேலைக்கு அடிப்படை. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தப் பழக்கத்தை ஒட்டியே அமைந்தவை.

முதல் படி: பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, படகின் பெயரைத் தேடல் பெட்டியில் இடுவதுதான். பெயர் என்பது உரிமையாளரின் விருப்பம். படகு கைமாறினால் பெரும்பாலும் அதுவும் மாறும், உலகில் வேறு யாரும் அதே பெயரை வைக்கக் கூடாது என்ற விதியும் இல்லை. 'ஏ' என்ற ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்ட இரண்டு புகழ்பெற்ற படகுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜெர்மனியின் புளோம் பிளஸ் ஃபாஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 2008இல் வெளிவந்த, ஏறத்தாழ 119 மீட்டர் நீளமுள்ள இயந்திரப் படகு. மற்றொன்று, நோபிஸ்க்ருக் தளத்தில் கட்டப்பட்டு 2017இல் வெளிவந்த, ஏறத்தாழ 143 மீட்டர் நீளமுள்ள, மூன்று பாய்மரங்கள் கொண்ட படகு. 2022 மார்ச்சில் இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்தில் முடக்கப்பட்டது இதுதான். தேடல் பெட்டியில் 'ஏ' என்று தட்டினால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண். ஏழு இலக்கங்கள் கொண்ட இந்த எண் படகின் உடலோடு ஒட்டியது. பெயர் மாறினாலும், கொடி மாறினாலும், உரிமையாளர் மாறினாலும் படகு உடைக்கப்படும் நாள்வரை அதே எண்தான். சொந்தப் பயன்பாட்டுக்கான உல்லாசப் படகுகள் இந்த எண்ணைப் பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றாலும், பெரிய படகுகள் அநேகமாக அனைத்தும் அதைப் பெற்றிருக்கின்றன. படகைப் பற்றிய கலைக்களஞ்சியப் பக்கத்திலோ, யாட் இதழ்களின் தரவுத்தளத்திலோ இந்த எண் இருக்கும்.

எங்கிருந்தோ எடுத்த எண் சரியானதுதானா என்பதைக் காகிதத்தில் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம், எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். பாய்மர 'ஏ'யின் எண் 1012141. பெருக்கினால் 7, 0, 5, 8, 3, 8 என்று வரும், கூட்டினால் 31, கடைசி இலக்கம் 1, எண்ணும் 1இல்தான் முடிகிறது. இயந்திரப் படகான 'ஏ'யின் எண் 1009340. அதற்கு 7, 0, 0, 36, 9, 8 என வந்து தொகை 60 ஆகும். எண் 0இல் முடிகிறது. ஓர் இலக்கம் தவறாகத் தட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. எண் சரியான வடிவில் இருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும். அது வேறொரு படகின் எண்ணாகவும் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணுக்கு உரிய கட்டிய ஆண்டையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

நானே தொடக்கத்தில் இதைச் செய்யாமல், பெயர் ஒன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மூன்று நாள்கள் ஒரு 'சூப்பர் யாட்டை'ப் பின்தொடர்ந்தேன். 4 நாட் (மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டாமல் ஒரே இடத்தை அது சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த பிறகுதான், வலை இழுக்கும் மீன்பிடிப் படகு ஒன்றின் அன்றாட உழைப்பை இவ்வளவு கவனமாகக் குறித்துவைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

எம்எம்எஸ்ஐ எனப்படும் ஒன்பது இலக்க எண்ணையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். இது படகின் வானொலிக் கருவிக்கு உரிய அடையாளம். இதன் முதல் மூன்று இலக்கங்கள் கொடி நாட்டைக் காட்டும்: கேமன் தீவுகளுக்கு 319, பெர்முடாவுக்கு 310, மார்ஷல் தீவுகளுக்கு 538, மால்டாவுக்கு 248 உள்ளிட்ட சில. பெரிய படகுகளில் பல இத்தகைய கொடிகளின் கீழ்தான் பதிவாகியிருக்கின்றன. கொடியைப் பார்த்து உரிமையாளரின் நாட்டை ஊகிப்பது வீண் வேலை. படகு வேறு கொடிக்கு மாறினால் எம்எம்எஸ்ஐ எண்ணும் மாறும். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த படகு இன்று வரைபடத்திலிருந்து ஒரேயடியாக மறைந்தால், அது மூழ்கிவிட்டதோ ஒளிந்துகொண்டதோ என்று கற்பனை செய்வதற்கு முன், ஐஎம்ஓ எண்ணை வைத்து மீண்டும் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் படி: தகவல் எப்படி வந்து சேர்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் நீங்கள் காணும் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாள முறை. மோதலைத் தவிர்ப்பதற்காக, அருகிலுள்ள கப்பல்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள உருவாக்கப்பட்ட ஏற்பாடு இது. கரையில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பது பிற்பாடு வந்த பயன். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயப்படி, பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 மொத்தக் கொள்ளளவு டன்னும் (எடை அல்ல, உள்ளிடத்தின் அளவு; ஐந்தாம் படியில் விளக்கம்) அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் இந்தக் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். அதற்கான இறுதிக் கெடு 2004 டிசம்பர் 31. அந்த உடன்படிக்கையின் மற்ற அத்தியாயங்கள் பல, வணிக நோக்கமற்ற உல்லாசப் படகுகளை விட்டுவிடுகின்றன. ஐந்தாம் அத்தியாயம் அப்படி விடுவதில்லை. பெரிய யாட்டுகளை நம்மால் காண முடிவதற்கு இந்த நுணுக்கமே காரணம்.

கருவி 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் பேசுகிறது. பெரிய படகுகளில் இருக்கும் 'ஏ' வகுப்புக் கருவி, ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கும்போது 3 நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்லும். பெயர், நீளம், சேருமிடம் போன்றவை 6 நிமிடங்களுக்கு ஒருமுறை தனிச் செய்தியாகப் போகும். இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டில் செல்பவை என்பதால், உயரமான இடத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் கரையோர நிலையம்கூடப் பொதுவாக 40 கடல் மைல் தொலைவுவரைதான் தெளிவாகக் கேட்கும். அதற்கு அப்பால் சென்றுவிட்ட படகின் குரலைச் செயற்கைக்கோள்கள் மட்டுமே பிடிக்கும். அந்தத் தகவலைத் தளங்கள் பெரும்பாலும் பணம் செலுத்துவோருக்கே தருகின்றன.

மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் ஆகிய இரண்டும் தொடங்குவதற்கு ஏற்ற தளங்கள். ஒன்றில் இல்லாத புதிய நிலை மற்றொன்றில் இருப்பது அடிக்கடி நடப்பதுதான்; இரண்டுக்கும் தகவல் தரும் கரையோர நிலையங்கள் முற்றிலும் ஒன்றல்ல. எனவே இரண்டையும் பாருங்கள்.

மூன்றாம் படி: படகின் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள்

ஐஎம்ஓ எண்ணைத் தேடல் பெட்டியில் இட்டுப் படகின் பக்கத்தைத் திறந்ததும், வரைபடத்துக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது நேரம். 'கடைசியாகப் பெறப்பட்டது' என்ற வரியில் 3 நிமிடம் என்று இருந்தால் படகு அங்கேதான் இருக்கிறது. 9 நாள் என்று இருந்தால், அந்தப் புள்ளி படகு கடைசியாகக் கேட்கப்பட்ட இடம் மட்டுமே. தளங்கள் இரண்டையும் ஒரே அளவுப் புள்ளியாக வரைவதால், சமுத்திரத்தின் விளிம்பில் ஒரு படகு ஒன்பது நாளாக அசையாமல் நிற்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் (யுடிசி) இருக்கும். உங்கள் ஊர் நேரத்தில் காட்டுமாறு தளத்தின் அமைப்பில் மாற்றியிருந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடமும் வேகமும். இவை கருவி தானாக அனுப்புபவை; பொதுவாக நம்பலாம். வேகம் நாட் அளவில் இருக்கும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நங்கூரமிட்ட படகு 0.1, 0.2 நாட் என்று காட்டுவது காற்றிலும் நீரோட்டத்திலும் அது ஊசலாடுவதால் வருவது. அதன் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கிறுக்கல் தெரியும். அந்தக் கிறுக்கல் ஒரே திசையில் நீளத் தொடங்கினால் நங்கூரம் பிடி விட்டு இழுபடுகிறது என்று பொருள். வேகம் 102.3 என்றோ, முகத்திசை 511 என்றோ இருந்தால் பதறாதீர்கள். 'தகவல் இல்லை' என்பதைச் சொல்லக் கருவி பயன்படுத்தும் குறியீடுகள் அவை.

இடம் என்று சொல்லப்படுவது படகின் நடுப்புள்ளி அல்ல, படகில் ஜிபிஎஸ் ஆன்டெனா பொருத்தப்பட்டிருக்கும் புள்ளி. அந்த ஆன்டெனாவிலிருந்து அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய நான்குக்கும் உள்ள தொலைவை முழு மீட்டர்களில் கருவியில் பதிந்திருப்பார்கள். முதல் இரண்டையும் கூட்டித்தான் தளங்கள் நீளத்தைக் காட்டுகின்றன. அடுத்த இரண்டையும் கூட்டினால் அகலம். பொருத்தும் நாளில் ஒருவர் கையால் இட்ட எண்கள் இவை. ஏஐஎஸ் காட்டும் நீளம் கட்டிய தளம் சொல்லும் நீளத்திலிருந்து ஓரிரு மீட்டர் மாறுபட்டால் வியப்பில்லை. இருபது மீட்டர் மாறுபட்டால் தவறான படகைப் பார்க்கிறீர்களோ என்று சந்தேகியுங்கள்.

'நங்கூரமிட்டுள்ளது', 'துறையில் கட்டப்பட்டுள்ளது', 'இயந்திரத்தால் செல்கிறது' என்ற நிலைக்குறிப்பு கையால் மாற்றப்படுவது. துறையை விட்டுக் கிளம்பும் பரபரப்பில் அதை மாற்ற மறப்பது சாதாரணம். 14 நாட் வேகத்தில் 'கட்டப்பட்டுள்ள' படகுகளை நீங்கள் விரைவிலேயே சந்திப்பீர்கள். அப்போது வேகத்தை நம்புங்கள், குறிப்பை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது சேருமிடம். அது 20 எழுத்துகளுக்குள் கையால் தட்டப்படும் வெற்று வரி. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. பழைய பயணத்தின் சேருமிடம் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். சில சமயம் ஊர்ப் பெயருக்குப் பதிலாக, நாட்டுக்கு இரண்டும் துறைமுகத்துக்கு மூன்றுமாக ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். 'உத்தரவை எதிர்பார்த்து' என்று மட்டும் இருப்பதும் உண்டு. 142 மீட்டர் நீளமுள்ள 'நார்ட்' என்ற படகு 2022 அக்டோபரில் ஹாங்காங்கிலிருந்து கிளம்பியபோது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேருமிடமாகக் காட்டியது. அங்கே அதை வரவேற்கலாமா கூடாதா என்று அரசியல் வாதமே நடந்தது. படகு கேப் டவுனுக்குப் போய்ச் சேரவே இல்லை. வந்துசேரும் நேரமும் இதே கையால் எழுதப்படுவதுதான். அதில் மாதம், நாள், மணி, நிமிடம் உண்டு, ஆண்டு கிடையாது. தளமே தன் கணக்கில் காட்டும் 'கணிக்கப்பட்ட வருகை' என்ற மற்றொரு வரியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: படகு காணாமல் போனால்

சமிக்ஞை நின்றுவிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சுவையற்றவை. படகு கரையோர நிலையங்களின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். பழுதுபார்க்கும் தளத்தில் கூரைக்கடியில் நுழைந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். லா சியோத்தா, பார்சலோனா, பால்மா, ஜெனோவா போன்ற பராமரிப்பு மையங்களின் அருகே ஒரு படகு இலையுதிர் காலத்தில் மறைந்து வசந்தத்தில் மீண்டும் தோன்றினால் அதில் மர்மம் எதுவும் இல்லை. சிறிய யாட்டுகள் சமுத்திரத்தைக் கடக்கச் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றிச் செல்லப்படுவதும் வழக்கம். அப்போது நீங்கள் தேட வேண்டியது அந்தச் சரக்குக் கப்பலை.

வேண்டுமென்றே அணைப்பதும் நடக்கிறது. ஓடும்போதும் நங்கூரமிட்டு நிற்கும்போதும் கருவி இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பொது நெறி. ஆனால் தொடர்ந்து இயக்குவது படகின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கேப்டன் கருதினால் அணைக்கலாம், அதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறது. கொள்ளையர் அச்சமுள்ள பகுதிகளில் இது புரிந்துகொள்ளத் தக்கது. அணைத்த படகெல்லாம் குற்றம் செய்கிறது என்று எழுதிவிடுவது பொறுப்பற்ற செயல்.

சமிக்ஞை வருகிறது என்பதாலேயே அது உண்மை என்றும் ஆகிவிடாது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய அதிபருடன் தொடர்புபடுத்தப்பட்ட 'கிரேஸ்ஃபுல்' என்ற 82 மீட்டர் படகு, கருங்கடலின் பாம்புத் தீவில் மோதி நிற்பதாகத் தளங்களில் தோன்றியது. இணையக் குறும்பர்கள் பொய்த் தகவலை உள்ளே செலுத்தியிருந்தார்கள். போர்ப் பதற்றமுள்ள கடற்பகுதிகளில் ஜிபிஎஸ் சமிக்ஞையையே கெடுப்பதால், 2017 ஜூனில் நொவோரோசிஸ்க் அருகே நின்ற இருபதளவு கப்பல்கள் நிலப்பரப்பில் உள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. படகு நிலத்தின்மேல் நின்றாலோ, ஒரே நிமிடத்தில் நூறு கடல் மைல் தாவினாலோ, ஒரே இடத்தில் பல கப்பல்கள் குவிந்து துல்லியமான வட்டமடித்தாலோ அந்தப் பாதையைக் குப்பையில் போடுங்கள்.

மறைந்த படகு எங்கே இருக்கக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஜிப்ரால்டரைத் தாண்டி மேற்கே 13 நாட் வேகத்தில் சென்ற படகு நவம்பரில் மறைந்தது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மத்தியதரைக் கடலும் குளிர்காலத்தில் கரீபியனும் என்பது இப்படகுகளின் ஆண்டுச் சுழற்சி. ஜிப்ரால்டரிலிருந்து ஆன்டிகுவாவுக்கு நேர்வழியில் சுமார் 3,200 கடல் மைல். 13ஆல் வகுத்தால் 246 மணி நேரம், அதாவது பத்து நாளுக்குச் சற்று மேல். ஒன்பதாம் நாளிலிருந்து கரீபியன் தீவுகளின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இடைப்பட்ட நாள்களில் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

துணைப்படகையும் மறக்க வேண்டாம். மிகப் பெரிய யாட்டுகள் சிலவற்றுக்கு, சிறு படகுகளையும் ஹெலிகாப்டரையும் சுமந்து வரும் தனிக் கப்பல் உண்டு. 2023இல் ஓஷன்கோ கப்பல் கட்டும் தளம் ஒப்படைத்த 127 மீட்டர் 'கோரு'வுக்கு 'அபியோனா' என்ற 75 மீட்டர் துணைக்கப்பல் அப்படிப்பட்டது. தலைவனைக் காணோம் என்றால் தோழனைத் தேடுவது பழைய உத்திதான்.

கடைசி வழி வானிலிருந்து பார்ப்பது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடம் மீண்டும் படமாகிறது. அதன் ஒரு படப்புள்ளி 10 மீட்டர். ஆகவே 100 மீட்டர் படகு பத்துப் புள்ளி நீளமும் ஒன்றிரண்டு புள்ளி அகலமும் கொண்ட வெண்கோடாகத் தெரியும். இந்தத் துறைமேடையில் இந்த நாளில் இவ்வளவு நீளமான ஒன்று நின்றது என்று சொல்ல அது போதும். எந்தப் படகு என்று சொல்ல அது போதாது.

ஐந்தாம் படி: அளவுகளைத் திரட்டுங்கள்

இருப்பிடத் தளங்கள் தரும் தொழில்நுட்ப விவரம் மேலோட்டமானது. நம்பத்தக்க விவரத்துக்கு முதலில் ஈக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐஎம்ஓ எண்ணை இட்டால் கொள்ளளவு, கொடி, கட்டிய ஆண்டு, தரச்சான்று தரும் சங்கம், நிர்வாக நிறுவனம் ஆகியவை கிடைக்கும். லாய்ட்ஸ் ரெஜிஸ்டர், ரினா, டிஎன்வி போன்ற சங்கங்களின் பொதுப் பதிவேடுகளும் உண்டு. அதன் பிறகு கட்டிய தளத்தின் பக்கத்தையும் யாட் இதழ்களின் தரவுத்தளத்தையும் பாருங்கள். வாடகைக்கு விடும் முகவர்களின் விளம்பரத் தாளைக் கடைசியில் வையுங்கள். அதில் படுக்கையறைகளைப் பற்றிய விவரம் நன்றாக இருக்கும், எண்களைப் பற்றி அவ்வளவு அக்கறை இருக்காது.

நீளத்தைப் பார்த்துப் படகின் பருமனை மதிப்பிடுவதுதான் பொதுவான பிழை. லுர்சன் கப்பல் கட்டும் தளம் 2013இல் ஒப்படைத்த 'அஸாம்' 180.6 மீட்டர் நீளம். அதன் மொத்தக் கொள்ளளவு 13,136 டன். 2010இல் வெளிவந்த 'எக்லிப்ஸ்' 162.5 மீட்டர், கொள்ளளவு 13,564. 2016இல் வெளிவந்த 'தில்பார்' 156 மீட்டர்தான், கொள்ளளவோ 15,917. நீளத்தில் அஸாம், எக்லிப்ஸ், தில்பார் என்று இறங்கும் வரிசை, கொள்ளளவில் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. வேகத்துக்காக ஒடுக்கமாக வரையப்பட்ட அஸாம் 30 நாட்டுக்கு மேல் செல்லும். தில்பார் உள்ளிடத்துக்காக அகன்று உயர்ந்து கட்டப்பட்டது.

இந்தக் கொள்ளளவு டன் எடை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். செய்தித்தாள்கள் '15,917 டன் எடையுள்ள படகு' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 1969ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, படகின் மூடிய இடங்களின் மொத்தக் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து, அந்தக் கன அளவின் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையை (log) 0.02ஆல் பெருக்கி 0.2ஐக் கூட்டி வரும் கெழுவால் பெருக்கினால் கிடைப்பது அது. பின்னோக்கிக் கணக்கிட்டால் தில்பாரின் உள்ளிடம் சுமார் 54,000 கன மீட்டர், அஸாமுக்குச் சுமார் 45,000. தண்ணீரை இடம்பெயர்க்கும் எடை வேறு எண். அது தனியாக வெளியிடப்பட்டிருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவு விதிகளையும் தீர்மானிக்கிறது. 500ஐத் தொட்டால் கடுமையான பாதுகாப்பு விதிகள் வந்துவிடும் என்பதால்தான் 50 மீட்டர் அளவிலான பல யாட்டுகள் 499இல் நிற்கின்றன. அதுபோலவே 'விருந்தினர் 12' என்ற எண் படகின் வசதியைக் காட்டுவதல்ல. பன்னிரண்டைத் தாண்டினால் பயணிகள் கப்பலுக்கான விதிகள் பொருந்தத் தொடங்கும். 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ரெட் என்சைன் குழுவின் (பிரிட்டிஷ் கப்பல் பதிவகங்களின் கூட்டமைப்பு) யாட் விதித்தொகுப்பில் 12 பேர்வரை ஒரு பகுதியும், 13 முதல் 36 பேர்வரை மற்றொரு பகுதியும் உள்ளன. இருபது படுக்கை இருந்தும் விருந்தினர் 12 என்று போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். உச்ச வேகமும் பயண வேகமும் வேறு; படகு எவ்வளவு தூரம் செல்லும் என்ற எண் எந்த வேகத்தில் என்பதோடு சேர்ந்தால்தான் பொருள்படும். நீரில் அமிழும் ஆழத்தைக் கட்டிய தளத்தின் விவரத்திலிருந்து எடுங்கள். ஏஐஎஸ் காட்டுவது கையால் இட்டது. கட்டிய ஆண்டு என்பதில் மட்டும் ஒரு கணம் நில்லுங்கள்: 'கிறிஸ்டினா ஓ' 1943இல் கனடாவின் போர்க்கப்பலாகக் கடலில் இறங்கி, 1954இல் உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. இத்தகைய படகுகளுக்கு இரண்டு ஆண்டுகளையும் எழுதுவதுதான் நேர்மை. உரிமையாளர் என்ற இடத்தில் அநேகமாக ஒரு நிறுவனத்தின் பெயரே இருக்கும். அந்த நிறுவனத்துக்குப் பின்னால் யார் என்று இணையத்தில் உலவும் பேச்சை அளவுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

ஆறாம் படி: விரும்பினால் நீங்களே கேட்கலாம்

கடல் தெரியும் இடத்தில் இருப்பவர்கள் தளங்களை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லை. யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வகை மலிவு வானொலி ஏற்பியும், ஏஐஎஸ்-கேட்சர் என்ற இலவச மென்பொருளும், ஓர் ஆன்டெனாவும் போதும். 162 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் நிமிர்ந்து நிற்கும் கம்பியை ஜன்னலுக்கு வெளியே உயரமாக வைத்தாலே அருகிலுள்ள கப்பல்கள் வரிசையாக வரத் தொடங்கும். கருவி எத்தகையது என்பதைவிட ஆன்டெனாவின் உயரம்தான் தூரத்தைக் கூட்டும். பிடித்த தகவலைத் தளங்களோடு பகிர்ந்தால் சில தளங்கள் கட்டணச் சேவையை இலவசமாகத் தருகின்றன. வானொலி அலைகளைக் கேட்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தொடங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: குறிப்பேடு

பின்தொடர்வது ஒரு நாள் வேலையாக நிற்பதில்லை; நிற்காவிட்டால் குறிப்பேடு தேவைப்படும். ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு என்று எழுதுங்கள்: தேதி, உலகப் பொது நேரம், ஐஎம்ஓ எண், இடம், வேகம், எந்தத் தளம், பின்பு கடைசியாக ஓர் எழுத்து. கருவி சொன்னது என்றால் 'க', படகில் இருப்பவர் தட்டியது என்றால் 'ப', தளம் கணித்தது என்றால் 'த'. 'துறையை விட்டுக் கிளம்பியது, க', 'சேருமிடம் மொனாக்கோ, ப', 'வருகை வெள்ளிக்கிழமை, த' என்று மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது, அவற்றில் எதை வைத்து உறுதியாக எழுதலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

படகில் உரிமையாளர் மட்டும் இல்லை. ஐம்பது, அறுபது பணியாளர்கள் வேலை செய்கிறார்கள், சில சமயம் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆகவே யார் படகின் எந்த அடுக்கில் உறங்குகிறார்கள், எப்போது கரைக்கு வருகிறார்கள் போன்றவை கண்ணில் பட்டாலும் இந்தக் குறிப்பேட்டுக்குள் வர வேண்டாம். படகின் இடத்தை வெளியிட நினைத்தால் சில மணி நேரம் பழையதாக்கி வெளியிடுங்கள். கப்பலைப் பற்றி எழுத அந்தத் தாமதம் எந்தத் தடையும் ஆகாது. மாதத்துக்கு ஒருமுறை ஈக்வாசிஸ் பக்கத்தையும் திறந்து பெயர், கொடி, நிர்வாக நிறுவனம் ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்து, மாறியிருந்தால் பழையதை அழிக்காமல் புதிய வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.